ஊக்கி என்னும் சொல்லும் பால் வற்றிய மரமும்

தாவர வளர்ச்சியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பாடங்களிலும் கட்டுரைகளிலும் 'வளர்ச்சி ஊக்கி' என்னும் தொடர் தவறாமல் வருகிறது. ஆக்சின், ஜிப்பரெல்லின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலீன் ஆகிய ஐந்தையும் ஒரே பந்தியில் அமர்த்தி, 'இவை தாவரத்தின் வளர்ச்சி ஊக்கிகள்' என்று கூறி முடிப்பது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. மாணவனும் அதனை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறான். தொடர் சுருக்கமானது; நாவுக்கும் எளியது. ஆனால் அது உணர்த்தும் கருத்தோ உண்மைக்குப் பெரிதும் மாறானது.

ஊக்கம் தமிழில் புகழ்ச்சிச் சொல். திருக்குறளில் ஊக்கமுடைமை என ஓர் அதிகாரமே உண்டு. ஊக்குபவர் நன்மை செய்பவர். ஊக்கம் பெற்றவர் வலிமை பெற்றவர். இந்நிலையில் ஒரு பொருளை 'ஊக்கி' என்று அழைத்தால், அது தாவரத்துக்கு வலிமையைக் கொண்டுவந்து தருகிறது என்றே படிப்பவர் கொள்வர். சத்து மருந்துக்கும் எருவுக்கும் உள்ள இடத்தை அதற்கும் கொடுத்துவிடுவர். உண்மை யாது? இப்பொருள்களுள் எதுவும் தாவரத்துக்கு உணவன்று. எதுவும் ஆற்றலைச் சுமந்து வருவதன்று. உயிரணுவுக்குள் முன்பே இருக்கும் சர்க்கரையையும் ஆற்றலையும் எங்கே, எவ்வளவு, எப்போது செலவிடுவது என்னும் கட்டளையை மட்டுமே அவை கொண்டுவருகின்றன. அக்கட்டளை சில வேளை 'செய்' என்கிறது. சில வேளை 'நிறுத்து' என்கிறது. இவ்வேறுபாட்டை மறைக்கும் சொல் பாடநூலில் இருப்பது சிறு குறையன்று.

சொல் பிறந்த சூழல்

இச்சொல்லை ஆக்கியோரைக் குறைகூறுவதில் பயனில்லை. அறிவியல் உலகம் முதலில் கண்டது ஆக்சினைத்தான். சார்லஸ் டார்வின் தம் மகனோடு சேர்ந்து 1880இல் வெளியிட்ட நூலில், முளையின் நுனியிலிருந்து ஏதோ ஒரு செல்வாக்கு கீழே இறங்கி அதனை வளையச் செய்கிறது என்று எழுதினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1920களின் பிற்பகுதியில், ஹாலந்து நாட்டு அறிஞர் வென்ட் ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி, அதிலிருந்து கசியும் பொருளைக் கூழ்க்கட்டியில் பிடித்துக் காட்டினார். அப்பொருள் பட்ட பக்கம் நீண்டு வளர்ந்தது. ஆகவே அதனை வளர்ச்சிப் பொருள் என்று அழைத்தது இயற்கையே. 'ஊக்கி' என்பது ஆக்சின் ஒன்றை மட்டும் நோக்கினால் பொருந்தக்கூடிய பெயர்தான்.

ஆனால் அதற்கு முன்பே வேறொரு சான்றும் இருந்தது. ரஷிய நாட்டு மாணவர் நெல்யுபோவ் 1901இல், விளக்கெரிக்கும் வாயு கசிந்த அறையில் பட்டாணி நாற்றுகள் குட்டையாகித் தடித்துப் பக்கவாட்டில் படுத்து வளர்வதைக் கண்டார். காரணம் அவ்வாயுவில் கலந்திருந்த எத்திலீன் என்று தெளிவுபடுத்தினார். பழங்கள் தாமே எத்திலீனை வெளியிடுகின்றன என்பதை 1934இல் கேன் என்பவர் மெய்ப்பித்தார். 1960களில் அப்சிசிக் அமிலம் கண்டறியப்பட்டது. இதன் தலையாய பணிகள் விதையை உறங்க வைப்பதும் வறட்சியில் இலைத் துளைகளை மூடுவதுமே. வளர்ச்சியைத் தடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பொருளையும் 'ஊக்கி' என்ற வரிசையில் நிறுத்தும்போது சொல் தன் பொருளையே இழந்துவிடுகிறது.

மிகை வளர்ச்சியும் நன்மையன்று என்பதற்கு ஜப்பானிய நெல் வயல் சான்றாகும். அங்கே சில நாற்றுகள் மற்றவற்றை மிஞ்சி ஒல்லியாக உயர்ந்து, வெளிறி, சாய்ந்து மடிந்தன. அவற்றை உழவர்கள் 'அறிவிலி நாற்று' என்னும் பொருள்பட அழைத்தனர். 1926இல் குரோசாவா என்னும் ஆய்வாளர், ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே இதற்குக் காரணம் எனக் காட்டினார். அப்பொருளே பின்னர் ஜிப்பரெல்லின் எனப் பெயர் பெற்றது. ஊக்கப்பட்ட நாற்று உயர்ந்தது, உயர்ந்ததால் விழுந்தது.

தோட்டத்தில் நடந்த பெருஞ்சோதனை

இவ்வுண்மைக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் இல்லை. சிலாங்கூர் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களிலேயே இருக்கிறது. தமிழ்த் தொழிலாளரின் கைகள் மூன்று தலைமுறைக்கு மேலாகத் தொட்டுப் பழகிய மரத்திலேயே இருக்கிறது.

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் சட்டத்தால் அமைந்தது. கோலாலம்பூர் அம்பாங் சாலையில் அதன் ஆய்வுக்கூடமும், சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டமும் இயங்கின. அக்கழகத்தின் ஏட்டில் 1951ஆம் ஆண்டு சாப்மன் என்பவர் எழுதிய கட்டுரை, ஆக்சின் போலச் செயற்படும் 2,4-டி என்னும் செயற்கைப் பொருளைப் பட்டையில் பூசினால் பால் மிகுதியாக வடிகிறது என்று தெரிவித்தது. அதற்குப் பின் அதே இனத்தைச் சேர்ந்த 2,4,5-டி என்னும் பொருளும் தோட்டங்களில் பூசப்பட்டது. 1968இல் ஆபிரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன் ஆகிய மூவர் அதே ஏட்டில் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் போக்கையே மாற்றியது. எத்திபோன் என்று இன்று வழங்கும் குளோரோ எத்தில் பாஸ்போனிக் அமிலம் பாலை ஓடச் செய்வதில் முன்னவற்றை விஞ்சியது என்று அவர்கள் காட்டினர். எத்ரெல் என்னும் வணிகப் பெயரோடு அது உலகின் ரப்பர் நாடுகள் அனைத்துக்கும் பரவியது.

தோட்டத்துப் பேச்சில் தெளிப்பதும் பூசுவதும் எல்லாம் 'மருந்து'தான். ஆனால் எத்திபோன் எந்த நோயையும் தீர்ப்பதன்று. புளிப்பு மிகுந்த கரைசலில் அது அசையாமல் இருக்கும். புளிப்புக் குறைந்த உயிரணுவுக்குள் புகுந்தவுடன் உடைந்து எத்திலீன் வாயுவை வெளிவிடும். மரம் காயம் பட்டபோது தானே உண்டாக்கும் அதே எத்திலீனை மனிதன் வெளியிலிருந்து கொடுக்கிறான். காயம் பெரிது என்று மரத்துக்குச் செய்தி போகிறது. மரம் அதற்குரிய மறுமொழியைத் தருகிறது. அம்மறுமொழியே மங்கில் கூடுதலாக நிறையும் பால்.

மங்கில் நிறைவது எங்கிருந்து வந்தது?

பால்வெட்டுக்காரரின் கத்தி பட்டையைச் சீவும்போது அதிலுள்ள பால்குழாய்கள் அறுபடுகின்றன. உள்ளிருக்கும் அழுத்தத்தால் பால் வெளியே வருகிறது. சற்று நேரத்தில் குழாயின் வாய் அடைபட்டு ஓட்டம் நிற்கிறது. பாலில் மிதக்கும் லூட்டாயிடு என்னும் நுண்பைகள் உடைந்து ரப்பர்த் துகள்களை ஒட்டச் செய்வதே அடைப்புக்குக் காரணம். வெட்டுக்கோட்டில் உலர்ந்து கிடக்கும் ஒட்டுப்பால் இதன் கண்கண்ட சான்று. எத்திலீன் இந்த அடைப்பைத் தாமதப்படுத்துகிறது. சுற்றியுள்ள உயிரணுக்களிலிருந்து நீர் பால்குழாய்க்குள் வருவதையும் எளிதாக்குகிறது. பால் நெடுநேரம் வடிகிறது. இது கதையின் முதற்பாதி. பெரும்பாலான விளக்கங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன.

பிற்பாதியில்தான் கணக்கு இருக்கிறது. வெளியேறிய பாலுக்கு ஈடாகப் புதுப்பால் செய்யப்பட வேண்டும். பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். அந்த ரப்பர் ஐசோப்ரீன் என்னும் சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. இலையில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகிப் பட்டைக்கு இறங்கிவரும் சர்க்கரையே அதன் மூலப்பொருள். ஒரு கண்ணிக்கு வேண்டிய அடிப்படைத் துண்டுகள் 3. ஒரு சுக்ரோஸ் மூலக்கூறை முற்றும் உடைத்தால் கிடைப்பவை 4. துண்டுகள் கையில் இருந்தால் மட்டும் போதாது. அவற்றைக் கண்ணியாக்குவதற்கு ஏ.டி.பி. என்னும் ஆற்றல் நாணயம் 3 செலவாக வேண்டும், என்.ஏ.டி.பி.எச். என்னும் மற்றொரு நாணயம் 2 செலவாக வேண்டும். நுண்பைகளைச் சிதையாமல் காப்பதற்கும், சர்க்கரையைப் பால்குழாய்க்குள் இழுப்பதற்கும் தனியே ஆற்றல் வேண்டும். முதிர்ந்த பால்குழாய்க்கும் அண்டை உயிரணுக்களுக்கும் இடையே திறந்த வழி இல்லை. சவ்விலுள்ள கடத்திகள் வழியாகவே சர்க்கரை உள்ளே வந்தாக வேண்டும். இத்தனையும் செலவுக் கணக்கு.

எத்திலீனின் கட்டளை இந்த அடுக்களை முழுவதையும் விரைவுபடுத்துகிறது. சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் கடத்திகள் பெருகுகின்றன. பாலின் நீர்ப்பகுதியில் புளிப்புக் குறைகிறது. அதனால் சர்க்கரையை உடைக்கும் நொதிகள் வேகம் பெறுகின்றன. ஏ.டி.பி. உற்பத்தியும் செலவும் இரண்டுமே உயர்கின்றன. ஆனால் இலைகளில் பிடிக்கப்படும் சூரிய ஒளி ஒரு துளியும் கூடவில்லை. மரத்தின் வருவாய் பழைய வருவாயே. தண்டும் வேரும் பருக்க வேண்டிய சர்க்கரை, விதைக்குப் போக வேண்டிய சர்க்கரை, அவசரக் காலத்துக்கென்று வைத்திருந்த மாவுப்பொருள் ஆகியவற்றிலிருந்தே இந்தச் செலவு ஈடுகட்டப்படுகிறது. ஓயாமல் பால் எடுக்கப்படும் மரம் பருமன் பெருப்பதில் பின்தங்குகிறது என்பது ரப்பர் ஆய்வில் நெடுநாள் அறிந்த செய்தி.

ஒரே தாய், இரு மரங்கள்

கட்டளை ஒன்றாக இருப்பினும் எல்லா மரங்களும் அதற்கு ஒரே விதமாகப் பணிவதில்லை. இன்று புத்ராஜெயா நிற்கும் நிலத்தில் முன்பு பிராங் பெசார் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியவர்கள் 1921இல் தொடங்கிய தோட்டம் அது. பெருப்போர் என்பதே அப்பெயரின் பொருள். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மர வகைகள் பி.பி. என்னும் எழுத்துகளோடு உலகெங்கும் சென்றன. அவற்றுள் பி.பி. 217, பி.பி. 260 ஆகிய இரண்டுக்கும் பி.பி. 5/51 என்பது பொதுவான பெற்றோர்.

பி.பி. 217 மரத்தின் பாலில் சர்க்கரை மிகுதி. உயிரணுவின் வேலை வேகம் குறைவு. சேமிப்பு இருந்தும் செலவிடத் தயங்கும் வீட்டைப் போன்றது அது. எத்திபோன் பூசினால் நன்றாகப் பால் தருகிறது. பி.பி. 260 இயல்பாகவே வேகம் மிகுந்தது. வந்த சர்க்கரையை உடனுக்குடன் பாலாக்கிவிடுவது. அதற்கு மேலும் கட்டளை இட்டால் சிறிதளவே பயன் உண்டு. விரைவில் பால் வற்றும் ஆபத்தும் உண்டு. ஊக்கி என்ற சொல் சரியாயின் மந்தமானதும் வேகமானதும் ஆகிய இரு மரங்களும் ஊக்கம் பெற வேண்டும் அன்றோ? பெறவில்லை. கொடுக்க உள்ளே இருப்பு இருக்கும் மரமே கட்டளைக்குப் பணிந்து கொடுக்கிறது.

பால் வற்றிய மரத்தைத் தோட்டத்தில் அறியாதவர் இல்லை. கத்தி ஓடுகிறது; கோட்டில் துளி எழுவதில்லை. சில மரங்களில் பட்டை பழுப்பேறி வெடிக்கிறது. இதற்கு எத்திபோன் ஒன்றே காரணம் என்று சொல்வது பிழையாகும். எத்திபோன் தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே இக்கேடு அறியப்பட்டிருந்தது. மர வகை, மண், வறட்சி, அளவு மீறிய வெட்டு என்று காரணங்கள் பல. ஆயினும் அளவு மீறிய தூண்டுதல் அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. வேலை வேகம் மிகும்போது உயிரணுவுக்குள் தீவிர ஆக்சிஜன் துகள்கள் மிகுதியாக உண்டாகின்றன. அவற்றை அடக்கத் தயோல் என்னும் கந்தகச் சேர்மங்களும், வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலமும் காவல் நிற்கின்றன. சர்க்கரையும் ஆற்றலும் குறைந்தால் காவலும் தளர்கிறது. அப்போது நுண்பைகள் குழாய்க்குள்ளேயே உடைந்து பால் உள்ளேயே உறைகிறது. இடுக்கண் தாங்கும் வலிமை என்பது இந்தக் காவலே. எத்திலீன் அளவோடு வந்தால் காவற்பொருள்களும் பெருகுகின்றன. அளவு மீறினால் காவலுக்கு வைத்த பொருளும் செலவில் கரைந்துவிடுகிறது.

இதனை உணர்ந்தே, மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் பணியாற்றிய பிரெஞ்சு ஆய்வாளர் 1980களில் பால் சோதனை முறையை வளர்த்தனர். சர்க்கரை, கனிமப் பாஸ்பரஸ், தயோல், கெட்டிப் பொருள் ஆகிய நான்கை அவர்கள் அளந்தனர். முதலாவது கையிருப்பைக் காட்டும். இரண்டாவது வேலையின் வேகத்தைக் காட்டும். மூன்றாவது காவலைக் காட்டும். நான்காவது புதுப்பால் ஊறும் திறனைக் காட்டும். இவற்றைப் பார்த்த பிறகே மரத்துக்கு எத்தனை முறை பூசலாம் என்று முடிவு செய்தனர். 2.5 விழுக்காட்டுக் கரைசலும் ஆண்டுக்குச் சில முறைகளும் என்று தோட்டங்கள் அளவு வகுத்துக் கொண்டதன் பின்னணி இத்தகைய அறிவே. மருந்தைப் பூசுமுன் மரத்தின் வரவு செலவைக் கேட்டறிந்த முறை இது. இந்தப் பகுதியைச் சொல்லாமல் 'எத்திபோன் பால் உற்பத்தியை ஊக்குகிறது' என்று ஒரு வரியில் முடிக்கும் பாடம் பாதிப் பாடமே.

கடைத்தெருவில் அதே பாடம்

ரப்பர் மரத்தைக் காணாத நகரத்துப் பிள்ளைகளுக்கும் இப்பாடம் எட்டாததன்று. பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தொங்கும் வாழைத்தார் போதும். காய் பழமாவதும் எத்திலீனின் கட்டளையே. தமிழ்நாட்டில் வாழைத்தாரை மூடிய அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போடும் பழைய வழக்கத்தின் காரணமும் இதுதான். புகையில் எத்திலீன் இருக்கிறது. கார்பைட் கல்லில் நீர் பட்டால் எழும் அசெட்டிலீன் வாயு எத்திலீனைப் போலவே நடிக்கும். ஆனால் அக்கல்லில் நச்சுப் பொருள்கள் கலந்திருப்பதால் பழுக்கவைக்க அதனைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது.

வாழைக்காய்க்கு எத்திலீன் எதையேனும் ஊட்டுகிறதா? இல்லை. பச்சைக்காயின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுப்பொருள். கட்டளை வந்ததும் காயின் சுவாசம் சட்டெனப் பன்மடங்கு உயர்கிறது. மாவு சர்க்கரையாகிறது, ஒரு பகுதி எரிந்து ஆற்றலாகிறது, அந்த ஆற்றல் நிறத்தையும் மணத்தையும் மென்மையையும் உண்டாக்கச் செலவாகிறது. இருப்புத் தீர்ந்தபின் பழம் கறுத்து அழுகுகிறது. பழுத்தல் என்பது சேமிப்பை விருந்தாக்கிச் செலவிடும் செயல். விதை பரவுவதற்காக வாழையினம் வகுத்துக்கொண்ட விருந்து அது. ஆனால் வளர்ச்சி ஊக்கி என்று பெயரிடப்பட்ட பொருள் இங்கே செய்வது வளர்ச்சியன்று, முடிவை விரைவுபடுத்துவது.

வெள்ளத்தில் அடங்கி வாழும் நெல்

மேற்சொன்னவை செலவின் கதைகள். அடக்கத்தின் கதையும் உண்டு. அது நெல்லில் இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய பயிருக்குள் எத்திலீன் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அதன் கட்டளையைப் பெற்ற பெரும்பாலான நெல் வகைகள் நீருக்கு மேல் தலைநீட்ட முயன்று வேகமாக நீள்கின்றன. நீருக்குள் ஒளியும் காற்றும் குறைவு. ஆகவே இருப்பிலுள்ள மாவுப்பொருளை எரித்தே நீள வேண்டும். வெள்ளம் சில நாளில் வடியாவிடில் இருப்புத் தீர்ந்து பயிர் மடிகிறது.

ஒடிசா மாநிலத்துப் பழைய நெல் வகை ஒன்றிலிருந்து தேர்ந்த எப்.ஆர். 13ஏ இதற்கு விலக்கு. அது ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தும் பிழைத்தெழும். காரணம் சப்1ஏ என்னும் மரபணு என்று 2006இல் தெளிவாயிற்று. அதே எத்திலீன் கட்டளையால் விழித்தெழும் இம்மரபணு, ஜிப்பரெல்லினின் வேலையை அடக்கி, நீளாதே என்று பயிரைக் கட்டிப்போடுகிறது. மாவுப்பொருள் மிச்சமாகிறது. நீர் வடிந்தபின் அம்மிச்சத்தைக் கொண்டு பயிர் மீண்டும் துளிர்க்கிறது. இப்பண்பைச் சேர்த்த சுவர்ணா சப்1 என்னும் நெல் 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. தமிழக உழவர் அறிந்த சி.ஆர். 1009 நெல்லிலும் அப்பண்பு சேர்க்கப்பட்டது.

வங்காளத்து ஆழ்நீர் நெல்லோ இதற்கு நேர்மாறு. மாதக்கணக்கில் நிற்கும் வெள்ளத்தில் அடங்கிக் கிடந்தால் அதற்குச் சாவு உறுதி. ஆகவே அதே எத்திலீனைக் கேட்டு அது நாளொன்றுக்கு 20 முதல் 25 செண்டிமீட்டர் வரை நீள்கிறது. இதற்குரிய மரபணுக்கள் 2009இல் கண்டறியப்பட்டன. அவை சப்1ஏ சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கட்டளை ஒன்று; கேட்ட செவிகள் இரண்டு; ஒன்று செலவழித்துத் தப்பியது, மற்றொன்று சிக்கனத்தால் தப்பியது.

வறட்சியிலும் இதே நிலை. அப்சிசிக் அமிலம் இலைத் துளைகளை மூடச் செய்கிறது. நீர் மிச்சமாகிறது, ஆனால் காற்றிலிருந்து கரியமில வாயு வருவதும் குறைந்து, சர்க்கரை உற்பத்தி சுருங்குகிறது. உயிரணுவில் ஆற்றல் குறைந்தால் விழித்தெழும் நொதி ஒன்று உண்டு. ஆக்கப்பணிகளை நிறுத்தி இருப்பைக் காப்பது அதன் வேலை. அந்நொதியை அடக்கி வைத்திருக்கும் தடைகளுள் சிலவற்றை அப்சிசிக் அமிலமும் விடுவிக்கிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. வறட்சி என்னும் செய்தியும் பற்றாக்குறை என்னும் செய்தியும் ஒரே பூட்டைத் திறக்கின்றன. இடுக்கண் தாங்குதல் என்பது பெரிதும் வரவறிந்து செலவைச் சுருக்கும் கலையே என்பது இதனால் விளங்கும். அக்கலையை நடத்தும் பொருளை 'ஊக்கி' என்பது எவ்வாறு பொருந்தும்?

இலக்கணம் காட்டும் வழி

இங்கே தமிழாசிரியருக்குக் கைகொடுப்பது தமிழிலக்கணமே. கருத்தா இரு வகைப்படும் என்பதை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிவர்: ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா. 'துரையால் காடு தோட்டமாயிற்று' என்றால் துரை ஏவுதற் கருத்தா. 'தொழிலாளரால் காடு தோட்டமாயிற்று' என்றால் தொழிலாளர் இயற்றுதற் கருத்தா. இரு வாக்கியமும் இலக்கணப்படி சரியே. ஆனால் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி வைத்த வரலாற்றில் காட்டை வெட்டியவர் பெயரும் கொசுக்கடியில் மாண்டவர் பெயரும் இடம்பெறவில்லை என்பதைத் தோட்டத்து மக்கள் அறிவர்.

வளர்ச்சிப் பொருள்கள் யாவும் ஏவுதற் கருத்தாக்கள். சர்க்கரையை உடைக்கும் நொதிகளும், ஆற்றலை ஆக்கும் இழைமணிகளும், சவ்விலுள்ள கடத்திகளும் இயற்றுதற் கருத்தாக்கள். 'எத்திபோன் பால் தந்தது' என்று எழுதும்போது ஏவியவருக்குப் புகழ் போகிறது. உழைத்த மரமும் அது கொடுத்த விலையும் மறைந்து போகின்றன. 'எத்திபோன் ஏவ, மரம் தன் சர்க்கரையைச் செலவிட்டுப் பால் தந்தது' என்று எழுதினால் உண்மை முழுதும் வந்துவிடும். கூடுதலாக ஆகும் சொற்கள் சிலவே.

தடைகளும் விடைகளும்

இதற்குச் சில தடைகள் எழுப்பப்படலாம். ஆங்கிலத்திலும் எத்திபோனைத் தூண்டும் பொருள் என்றுதானே தோட்டத்தார் அழைத்தனர் என்பது முதலாவது. உண்மை. ஆனால் அது பால் ஓட்டத்தைத் தூண்டுவது என்னும் பொருளில் வணிகத்தார் இட்ட பெயர். அதே ஆங்கிலத்தில் தாவர நூலார் இவ்வினத்துக்கு ஒழுங்குபடுத்துவன என்னும் பொருளுடைய பெயரையே பொதுப்பெயராகக் கொண்டனர். மலாய் மொழியும் கட்டுப்படுத்தி ஒழுங்கு செய்வது என்னும் பொருளில் 'பெஙாவால் ஆத்துர்' என்கிறது. தமிழில்தான் ஓர் உறுப்பின் பெயர் குடும்பம் முழுவதன் பெயராய் நின்றுவிட்டது.

பழகிய சொல்லை மாற்றினால் மாணவர் குழம்புவர் என்பது இரண்டாவது தடை. குழப்பம் இப்போதே இருக்கிறது. வேதியியலில் வினையூக்கி என்றொரு சொல் உண்டு. அது வினையை விரைவுபடுத்தியும் தான் செலவாகாமல் நிற்கும் பொருள். இரண்டு இடத்திலும் 'ஊக்கி' என்று படிக்கும் மாணவன் இரண்டையும் ஓரினமாகவே எண்ணுவான். ஒழுங்குபடுத்தி, நெறிப்படுத்தி என்னும் சொற்கள் தமிழில் முன்பே வழக்கில் உள்ளன. அவற்றைப் பொதுப்பெயராக்கி, 'ஊக்கி' என்பதை ஊக்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். புதுச்சொல் ஆக்கும் தேவையும் இல்லை.

சொல் எதுவாயினும் பொருள் விளக்கினால் போதாதா என்பது மூன்றாவது. உயர்கல்வி வரை தமிழில் படிக்கும் நாட்டில் அது போதலாம். மலேசியாவில் தமிழ்வழி அறிவியல் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. இடைநிலைப் பள்ளியில் வேறு மொழி. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தபோது தொடக்கப் பள்ளியிலும் அவ்வாய்ப்பு மங்கிற்று. 2009இல் அதனைக் கைவிடும் அறிவிப்பு வந்த பிறகே மீண்டது. இவ்வளவு குறுகிய காலத்தில் பிள்ளையின் உள்ளத்தில் தமிழ் வழியே பதியும் அறிவியற் சொற்கள் சில நூறே. பின்னால் வந்து திருத்தும் தமிழ் வகுப்பு இல்லை. தவறான சொல்லொன்று பதிந்தால் அது தவறாகவே வாழ்நாள் முழுதும் நிற்கும். வளர்ந்தபின் வீட்டுத் தோட்டத்துக்கோ சிறு நிலத்துக்கோ ஊக்கி என்று விற்கப்படும் புட்டியை வாங்கும்போது, அது உணவா, கட்டளையா என்று கேட்கும் அறிவு அச்சொல்லால் மழுங்கிப்போகும்.

வகுப்பறையில் செய்யக்கூடியது

ஐந்து பொருள்களின் பெயரையும் எதிரே ஒவ்வொரு வேலையையும் எழுதிய அட்டவணை மனப்பாடத்துக்கு ஏற்றது, அறிவுக்கு ஏற்றதன்று. எத்திலீன் ஒன்றே மரத்தில் பாலை ஓட்டுகிறது, வாழையைப் பழுக்கச் செய்கிறது, ஒரு நெல்லை நீளச் செய்கிறது, மற்றொரு நெல்லை அடங்கச் செய்கிறது. அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் இதனை அடைப்பது எங்ஙனம்? அதற்குப் பதிலாக மூன்று வினாக்களை மாணவர் கேட்கப் பழகினால் போதும். கட்டளை யாது? அதனைச் செய்தது எது? செலவு எங்கிருந்து வந்தது? இம்மூன்றுக்கும் விடை காணும் மாணவன் நூறு பெயர்களை மனப்பாடம் செய்தவனைவிட நன்கு அறிந்தவன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரங்கள் பெரிதும் மறைந்துவிட்டன. சுங்கை பூலோச் சோதனைத் தோட்டத்து நிலத்தில் குவாசா டாமான்சாரா நகரம் எழுகிறது. ஆராய்ச்சிக் கழகம் 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. தோட்டத்துப் பள்ளிகள் பல நகர்ப்புறத்துக்கு இடம்பெயர்ந்தன. மங்கையும் வாளியையும் பிள்ளைகள் படத்தில் காண்கின்றனர். ஆயினும் அம்மரத்திடம் கற்ற பாடம் உலகின் தாவர நூல்களில் நிலைபெற்றுள்ளது. அதனைக் கண்டவர்களுள் பாக்கியநாதன் என்னும் பெயரும் இருக்கிறது. அப்பாடத்தைச் சரியான தமிழில் பிள்ளைகளுக்குச் சொல்வது தோட்டத்து மண்ணிலிருந்து வளர்ந்த பள்ளிகளுக்கு உரிய கடமை. ஏவியதன் பெயரோடு உழைத்ததன் பெயரையும் சேர்த்து எழுதும் பழக்கம் அங்கிருந்து தொடங்கட்டும்.